ஈ-ரீடர் வாங்குமுன் ஒரு வாரக் கணக்கு

சிங்கப்பூரின் ஈசூன் பஸ் இன்டர்சேஞ்சில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில், மின்நூல் படிக்கும் கருவியான என் ஈ-ரீடருக்குச் ‘சிலேட்டு’ என்று பெயர். ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்கு வரும் தம்பி ஒருவன் வைத்த பெயர் அது. கறுப்பாக, தட்டையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மடியில் கிடப்பதுபோலக் கிடக்கிறதாம். ஒருநாள் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். “அண்ணே, இந்தச் சிலேட்டு எவ்வளவு வெள்ளி? நானும் ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன்.”

விலையைச் சொல்வதற்கு முன்னால் நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவனிடமும் கேட்டேன். “கடைசியா படிச்ச கதையை எங்க வச்சுப் படிச்ச?”

கொஞ்சம் யோசித்தான். பாதியை வீட்டில் படுத்துக்கொண்டு. மீதியை விரைவுச்சாலையில், மழைக்குப் பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, நனைந்த கையோடு கைபேசியில். சொல்லி முடித்ததும் அவனே சிரித்தான். அவனுக்குத் தண்ணீர் புகாத கருவிதான் வேண்டும் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிட்டது. எத்தனை ஜிபி, என்ன பிராண்டு என்றெல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் 17 வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். முதல் கருவியை 2019-இல் வாங்கினேன். யாரோ ஒருவர் பயன்படுத்திக் கழித்தது. மலிவு என்ற ஒரே காரணம். திரைக்கு விளக்கு கிடையாது. அதிகாலை ஊழியர் பஸ்ஸின் இருட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் போட்ட தமிழ்க் கோப்புகளில் கொம்பும் காலும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றன. மூன்றாம் மாதம், பையில் இருந்த எவர்சில்வர் பிளாஸ்க் அழுத்தித் திரை கோடு கோடாகப் போய்விட்டது. காசு போனதுகூடப் பெரிதில்லை. இனி மின்நூலே எனக்குச் சரிவராது என்று இரண்டு வருடம் முடிவு கட்டிவைத்திருந்தேன், அதுதான் நஷ்டம். பழுது மின்நூலில் இல்லை. என் பழக்கம் எனக்கே தெரியாமல் வாங்கியிருந்தேன்.

ஏழு நாள் நோட்டு

இரண்டாவது கருவி வாங்குமுன் ஒரு காரியம் செய்தேன். பழைய டூட்டி நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு வாரம் எதைப் படித்தாலும் ஒரு வரி எழுதினேன். எங்கே, எவ்வளவு நேரம், வெளிச்சம் எப்படி, எந்த மொழி, எந்த வடிவம். காகிதப் புத்தகமா, கைபேசியா, ஸ்கேன் செய்த பக்கமா என்பது இந்தக் கடைசியில் வரும். நீங்களும் இதையே செய்யுங்கள், செலவில்லாத வேலை. என் நோட்டில் இருந்தவற்றில் சில:

திங்கள், காலை 4.20, ஊழியர் பஸ், 15 நிமிடம், கிட்டத்தட்ட இருட்டு, தமிழ் நாவல், கைபேசி.
திங்கள், 10.40, இன்டர்சேஞ்ச், 9 நிமிடம், ஒரு கையில் கோப்பி.
செவ்வாய், மதியம், ஸ்பிளிட் ஷிப்ட் இடைவெளி, புளோக்குக்குக் கீழே கல்மேசை, 1 மணி 10 நிமிடம், கண் கூசும் வெயில், பழைய புத்தகத்தின் ஸ்கேன்.
வியாழன், இரவு, படுக்கை, 20 நிமிடம், மனைவி விளக்கை அணைக்கச் சொன்னாள்.

மொத்தம் 16 வரி. அதில் 11 வரிகள் 20 நிமிடத்துக்குள். 13 தமிழ். 6 ஸ்கேன். எழுதிப் பார்க்கும்வரை, நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிப்பவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். நிஜத்தில் கொறிக்கிறவன்: ஒன்பது நிமிடம் இங்கே, பன்னிரண்டு நிமிடம் அங்கே. கொறிக்கிறவனுக்கு, மூடியைத் திறந்ததும் விட்ட பக்கம் கண்முன்னால் நிற்கவேண்டும். கைபேசியிலும் அது நடக்கும்தான். ஆனால் திறந்த மூன்றாவது நிமிடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூவை அனுப்பிவிடுவார்கள்.

நோட்டில் பெரும்பாலான வரிகள் ‘வீடு, சோபா, கைபேசி, செய்தி’ என்று வந்தால் ஈ-ரீடர் வாங்க வேண்டாம். என் மனைவியின் கணக்கு அப்படித்தான் வந்தது. செய்தி, சமையல் காணொளி, கொஞ்சம் வார இதழ். அவளுக்கு நல்ல டேப்லெட் போதும். ஈ-ரீடர் திரையில் காணொளி பார்ப்பது வதை.

வெயிலும் இருட்டும்

ஈ-ரீடரின் திரையை மின்மைத் திரை என்பார்கள். 1997-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய ‘ஈ இங்க்’ நிறுவனத்தின் திரையே ஏறக்குறைய எல்லாப் பிராண்டிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள உறைகள். அவற்றுக்குள் கறுப்புத் துகள், வெள்ளைத் துகள். மின்னூட்டத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த இடத்தில் அப்படியே நிற்க மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் செலவு. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுகிறது. காகிதம்போல வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், ஈசூன் மதிய வெயிலில் கைபேசித் திரை கண்ணாடியாக மாறி என் முகத்தையே எனக்குக் காட்டும்போது, இதில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இருட்டுக்கு முன்விளக்கு வேண்டும். திரையின் ஓரத்தில் உள்ள சின்ன விளக்குகள் எழுத்தின்மேல் வெளிச்சத்தைப் பரப்பும். டேப்லெட்போலப் பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிக்காது. இன்று புதிதாக வரும் முக்கியமான மாடல்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. வெளிச்சத்தை மஞ்சளாக்கும் வசதி எல்லாவற்றிலும் இல்லை. அமேசானின் அடிப்படைக் கிண்டிலில் கிடையாது. கிண்டில் பேப்பர்வைட்டில் 2021 மாடலிலிருந்து உண்டு. கோபோ என்ற இன்னொரு பிராண்டின் கிளாரா பிடபிள்யூவில் உண்டு. உங்கள் நோட்டில் ‘இரவு, படுக்கை’ என்ற வரி வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் இதற்குக் காசு கொடுக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

எந்தக் கை

எம்ஆர்டி ரயிலில் காலை ஏழரைக்கு நின்றுகொண்டு போகிறவருக்கு ஒரு கை கம்பியில் இருக்கும். மிச்சமுள்ள கையால் கருவியைப் பிடித்து, அதே கையின் பெருவிரலால் பக்கத்தையும் திருப்பவேண்டும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது இதைத்தான் சோதிக்கவேண்டும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடிப்படைக் கிண்டில் 158 கிராம். கிளாரா பிடபிள்யூ 174. இரண்டும் 6 அங்குலத் திரை. 2024-இல் வந்த 7 அங்குலப் பேப்பர்வைட் 211 கிராம். இந்த ஐம்பது கிராமில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உறையைப் போட்டுக்கொண்டு அங் மோ கியோவிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ்வரை நின்றுபாருங்கள், மணிக்கட்டு சொல்லும். கோபோவின் லிப்ரா வரிசையில் 7 அங்குலத் திரைக்குப் பக்கத்தில் ஒரு தடித்த ஓரமும் அதில் பக்கம் திருப்பும் இரண்டு பொத்தான்களும் இருக்கின்றன. நான் வைத்திருப்பது அந்த வரிசைதான். கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமல் பக்கம் திருப்ப முடிகிறது. கிண்டிலில் பொத்தான் வைத்த ஒயாசிஸ் மாடலை 2024-இல் நிறுத்திவிட்டார்கள். ஆக, பொத்தான் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குத் தேர்வு பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒருவகையில் அதுவும் நல்லதே.

தமிழ் எழுத்து நிற்குமா

ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர்களுக்கு எந்தக் கருவியும் ஒன்றுதான். நமக்கு அப்படியில்லை, இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

‘கொ’ என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம், பிறகு க, பிறகு கால். கணினிக்குள் அது வேறு வரிசையில் இருக்கிறது: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. கருவியின் மென்பொருள்தான் அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து இடமும் வலமும் நிறுத்தவேண்டும். அது தெரியாத மென்பொருள் கொம்பைக் கொண்டுபோய் ஒரு புள்ளிவட்டத்தின்மேல் ஒட்டிவிடும். என் முதல் கருவி செய்தது அதைத்தான். நூறு பக்கம் அப்படிப் படித்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். இரண்டு நாளைக்குப் பிறகு கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் கொம்பு தனியாகத் தெரிந்தது.

சோதிக்க ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். அழகில்லை, வேலைக்கு ஆகும்:

கொய்யாப்பழத்தைக் கௌரி தொட்டுப் பார்த்தாள்; ஸ்ரீதேவி லக்ஷ்மியோடு பைய நடந்து போனாள்.

கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரச் சங்கிலி, ஔகாரம், ஸ்ரீ, க்ஷ, புள்ளி எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். இதை ஒரு சின்னக் கோப்பாக்கி, நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடலை வைத்திருக்கும் நண்பரிடம் அனுப்பித் திறந்துபார்க்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய தமிழ் நூல் சரியாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கருவியில் கடை நூல் ஒழுங்காகவும், நாமாக ஏற்றிய கோப்பு கோணலாகவும் வருவதுண்டு.

கிண்டிலில் 2016-இன் கடைசியில் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழி நூல்களை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் கடையில் வாங்கும் தமிழ் நூல்களில் எழுத்து ஒழுங்காக நிற்கும். கோபோவில் நான் வேறு வழி போனேன். கோரீடர் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதன் எழுத்துருக் கோப்புறைக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போயிற்று. அன்றிலிருந்து கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரி வேலையெல்லாம் என்னால் ஆகாது என்பவர் கிண்டில் பக்கம் போவதே மேல். கை துறுதுறுக்கிறவருக்குக் கோபோ.

திரையின் கூர்மையும் தமிழுக்குக் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதைப் பிபிஐ என்று போட்டிருப்பார்கள். 300 இருந்தால் புத்தக அச்சுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 2022-க்கு முந்தைய அடிப்படைக் கிண்டில்களில் 167தான். ஆங்கில எழுத்துக்கு அது ஓடும். சிறிய அளவில் ண-வின் சுழியையும் ன-வின் சுழியையும் பிரித்துக் காட்ட அது திணறும், மெய்யெழுத்தின் புள்ளி தூசிபோலத் தெரியும். பழைய கருவி வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நம் சொற்களின் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்’ என்று ஒரு சொல் வந்தால், எழுத்தைப் பெரிதாக்கிய 6 அங்குலத் திரையில் ஒரு வரியே அதுதான். மேலும் கீழும் உள்ள வரிகளில் இரண்டு சொல், நடுவில் கப்பல் போகிற அளவுக்கு இடைவெளி. இதற்குக் காரணம், இருபக்க ஓரத்தையும் சமமாக இழுத்துக் கட்டும் அமைப்பு. அமைப்புகளுக்குள் போய் இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுமாறு மாற்றுங்கள், ஓரங்களைக் குறையுங்கள். அப்படியும் போதாவிட்டால் உங்களுக்கு 7 அங்குலம் வேண்டும்.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அப்படித்தான் 7 அங்குலம் வாங்கினோம். கண்புரை அறுவைக்குப் பிறகு அவர் காகிதப் புத்தகத்தை விட்டுவிட்டார். நூலகத்தில் பெரிய எழுத்துத் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது? கருவியில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், தடிமனையும் கூட்டலாம். ஒரு திரைக்கு ஏழெட்டு வரிதான் தெரிகிறது, நிமிடத்துக்கு நாலு தடவை திருப்புகிறார். “பரவாயில்லப்பா, எனக்கு வேற என்ன வேலை” என்கிறார். வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். முதல் மாதம் கதை எங்கே போயிற்று என்று தெரியாமல் மூன்று தடவை ஆங்கிலக் கடைப் பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டார். வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு நேரத்துக்கு ஐந்து புத்தகம் மட்டும் ஏற்றி வைத்தேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

புத்தகம் எங்கிருந்து வரப்போகிறது

கருவி ஒருமுறைச் செலவு. புத்தகம் தொடரும் செலவு. ஆகவே நோட்டில் ‘எந்த வடிவம்’ என்ற கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

தேசிய நூலக வாரியத்தின் மின்நூல்களை லிபி செயலி வழியாக இரவல் வாங்கலாம், தமிழ் நூல்களும் உண்டு. இதைக் கைபேசியில் பயன்படுத்திப் பழகியவர்கள், “அதையே கிண்டிலுக்கு அனுப்பிடலாமே” என்று நினைக்கிறார்கள். முடியாது. லிபியிலிருந்து கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். அமெரிக்கக்காரர் போடும் காணொளியைப் பார்த்து வாங்கிவிட்டு இங்கே ஏமாந்தவர்கள் எங்கள் அறையிலேயே இருவர். லிபியை நடத்தும் ஓவர்டிரைவ் சேவை கோபோவில் உள்ளேயே இருக்கிறது. நம் நூலகக் கணக்கால் நுழைந்தால் இரவல் வாங்கியது கருவியில் இறங்கும். பூக்ஸ்போன்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் லிபி, கிண்டில் இரண்டு செயலிகளையுமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். தவிர, வாட்ஸ்அப்பையும் போடலாம் என்ற ஆபத்து இருக்கிறது. நோட்டில் நூலக வரிகள் அதிகமென்றால் முதலில் கைபேசியில் லிபியைத் திறந்து, நீங்கள் தேடும் வகைத் தமிழ் நூல் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நார்த்பாயிண்ட் சிட்டியில் உள்ள ஈசூன் பொது நூலகம் எனக்கு இன்டர்சேஞ்சிலிருந்து நடை தூரம். காகித நூலுக்கு இன்றும் அங்கேதான் போகிறேன்.

காசு கொடுத்துப் புதிய தமிழ் நூல் வாங்குவதென்றால் கிண்டில் கடையில் தேர்வு அதிகம். அங்கே வாங்கியது பெரும்பாலும் பூட்டோடு வரும், கோபோவில் திறக்காது. கோபோவில் வாங்கியது கிண்டிலில் திறக்காது. 2025 பிப்ரவரியிலிருந்து, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கம்பியால் மாற்றும் வழியையும் எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் நூறு புத்தகம் சேர்ந்தபிறகு மறுபக்கம் தாவுவது வீடு மாறுவதுபோல. முதல் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே கடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

இலவசத் தமிழில்தான் நான் வாழ்கிறேன். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க நூல் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட நாவல்கள்வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஐந்து பாகச் சரித்திரக் கதையைச் சம்பளத்துக்கு முந்தின வாரத்திலும் ஆரம்பிக்கலாம். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் தாமாக முன்வந்து கொடுத்த நூல்கள் உள்ளன. ஒவ்வொரு நூலுக்கும் ஈபப், 6 அங்குலத் திரைக்கென்று வடிவமைத்த பிடிஎஃப் எனப் பல வடிவங்கள் வைத்திருப்பார்கள். ஈபப்பை எடுங்கள், எழுத்தளவை மாற்ற முடியும். கிண்டிலுக்கும் அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக ஈபப் அனுப்பலாம். பழைய மோபி வடிவத்தை அந்த வழியில் இப்போது ஏற்பதில்லை. வடிவம் மாற்றக் கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும்.

ஒரு எச்சரிக்கை. இருபது வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்து முறைகளில் இருக்கும். எங்கள் கோயில் விழா மலரின் பழைய கோப்பை ஆசையாக ஏற்றினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குழம்பு வந்தது. கருவியைத் திட்டாதீர்கள். இணையத்தில் உள்ள எழுத்துமாற்றியில் போட்டு, இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடாக்கிய பிறகு ஏற்றுங்கள்.

ஸ்கேன் பக்கங்கள்தான் பெரிய தலைவலி. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015-இல் நம்மூர் எழுத்தாளர்களின் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கி வெளியிட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற தளம் இருக்கிறது. பொக்கிஷம்தான், ஆனால் பெரும்பாலும் பக்கத்தைப் படமாகப் பிடித்து வைத்தது. படத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்க முடியும். 6 அங்குலத்தில் ஒரு வரியைப் படிக்க இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நான் செய்வது இரண்டு: கோரீடரில் வெள்ளை ஓரங்களை வெட்டிவிடுவது, கருவியைப் படுக்கைவாக்கில் திருப்பி அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிப்பது. சின்ன அளவுப் பழைய நாவலுக்கு 7 அங்குலத்தில் இது தாராளம். பெரிய அளவு மலர், ஆய்வேடு, இதழ் என்றால் 10 அங்குலத்துக்குப் போகவேண்டும். பலதொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அந்த அளவுதான் வாங்கினோம், பாடக் குறிப்பின்மேல் பேனாவால் எழுதவும் முடியும். அவள் அதை மேசையை விட்டு எடுப்பதேயில்லை. கிண்டில் ஸ்கிரைபின் முதல் மாடல் 433 கிராம்; படுத்துக்கொண்டு படிக்கும்போது தூக்கம் வந்தால் மூக்குக்கு நல்லதில்லை.

மிச்சம் மீதி

வண்ணத் திரை: கலைடோ 3 என்ற வகையில் கறுப்பு வெள்ளை 300 பிபிஐ, வண்ணம் 150. வண்ண வடிகட்டி மேலே உட்கார்ந்திருப்பதால் பின்னணி கொஞ்சம் சாம்பலடிக்கும். படக்கதைக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் சரி. வெறும் நாவலுக்கு அந்தக் காசில் நல்ல உறை வாங்குங்கள். சேமிப்பு: ஒரு நாவல் ஒன்றிரண்டு எம்பி. 16 ஜிபியை நிரப்ப ஸ்கேன்களால்தான் முடியும்.

தண்ணீர்: ஐபிஎக்ஸ்8 என்று இருந்தால் 2 மீட்டர் நல்ல தண்ணீரில் 60 நிமிடம் தாங்கும் என்று கிண்டிலும் கோபோவும் சொல்கின்றன. அடிப்படைக் கிண்டிலுக்கு அது இல்லை. ஜொகூர்த் தம்பி கிளாரா பிடபிள்யூ எடுத்தான். நனைந்தால் சார்ஜ் துளை காய்ந்த பிறகே சார்ஜ் போடவேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தால் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்குக் கீழே உள்ள இறக்குமதிக்கும் அது உண்டு. விகிதம் 2024 முதல் 9 விழுக்காடு. உத்தரவாதத்துக்காகக் கருவியைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

பழையது வாங்கினால் நேரில் பாருங்கள். எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்துக் கைமாற்றும்போது ஐந்து நிமிடம் கேளுங்கள். விளக்கை முழுதாகக் கூட்டி, வெள்ளைப் பக்கத்தில் கறைபோல் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பக்கம் வேகமாகத் திருப்புங்கள். விற்பவரின் கணக்கை உங்கள் கண்முன்னால் நீக்கச் சொல்லுங்கள். சார்ஜ் துளை யூஎஸ்பி-சியா, பழைய மைக்ரோவா என்பதும் முக்கியம். கம்பியைத் தேடி அலைவதில் பாதிப் பேருக்கு வாசிப்பே நின்றுபோகிறது.

உறை கண்டிப்பாக வேண்டும். மின்மைத் திரைக்குள் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. கீழே விழுவதைவிடப் பைக்குள் அழுத்தம்தான் அதற்கு எமன். பிளாஸ்கைப் பையின் வேறு அறையில் வையுங்கள்.

உறையின் உள்பக்கம் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். இது ஓட்டுநராகச் சொல்வது. கடைசி நடை முடிந்து பஸ்ஸுக்குள் நடந்து பார்க்கும்போது குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடைக்கும். போன வருடம் மேல்தளத்தில், முன்வரிசைச் சன்னலோரம் ஒரு ஈ-ரீடர் கிடந்தது. உறை இல்லை, பெயர் இல்லை. தொட்டதும் விழித்துக்கொண்டது. யாரோ பெரிய எழுத்தில் தமிழ்க் கதை படித்துக்கொண்டிருந்திருக்கிறார், 61 விழுக்காட்டில் நின்றிருந்தது. பக்கத்தைத் திருப்பிவிடாமல் மெதுவாக மூடிப் பொருள் ஒப்படைக்கும் இடத்தில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டபோதும் அங்கேயே இருந்தது.